காலேஜுக்கு எதிர்த்த டீக்கடை

அந்தப் பையை மடியில வச்சுக்கிட்டு எதுக்கு அண்ணாச்சி சிரமப்படுதிய, மேல கம்பியில வச்சிருங்க. வேண்டாமா? அதுவும் சரிதான். சர்ட்டிபிகேட்டு இருக்க பையைக் கையை விட்டு இறக்கக் கூடாது. எப்படித் தெரியும்னா பாக்கிய? ஜிப்பு பாதி திறந்து கெடக்கு, ஃபைல் மூலையில போட்டோ ஸ்டூடியோ கவரு நீட்டிக்கிட்டு இருக்கு. ஜூன் மாசத்துல இந்தக் கோலத்துல ஒரு ஆளு பஸ் ஏறுனா அட்மிஷனைத் தவிர வேற எதுக்கு? முன்னால ஜன்னலோரம் பச்சைச் சுடிதாரு போட்டிருக்கே, அது உங்க மக. போன்ல எதையோ பாத்துச் சிரிச்சுக்கிட்டு வருது. நீங்க பாக்கலை, நான் பாத்தேன்.

தப்பா நினைக்காதிய. நான் போலீசு. உளவுப் பிரிவுல ஏட்டு, பேரு ஆவுடையப்பன். நாகர்கோயில் கோர்ட்டுல ஒரு பழைய கேசுக்குச் சாட்சி சொல்லணும், அதுக்குத்தான் வாரேன். நாங்க உடுப்புப் போட மாட்டோம். உடுப்புப் போட்டா ஒருத்தனும் பேச மாட்டான்லா. இந்தா, இப்படி வெள்ளைச் சட்டை, சாதாரண பேண்டு. பக்கத்துல உக்காந்து ரெண்டு வார்த்தை பேசுனா போதும், எதிராளி தானா கக்கிருவான். உங்களைச் சொல்லலை. பொதுவாச் சொல்லுதேன்.

பிள்ளைக்கு என்ன படிப்பு பாக்கிய?

சைக்காலஜியா.

சைக்காலஜி. சரியாப் போச்சு போங்க. இந்த பஸ்ல இத்தனை சீட்டு காலியாக் கெடக்க, நான் வந்து உங்க பக்கத்துல உக்காந்திருக்கேன் பாருங்க. உங்களுக்கு நல்ல நேரம் அண்ணாச்சி. ஒரு தகப்பன் இன்னொரு தகப்பன்கிட்ட சொல்லுதேன், காது குடுத்துக் கேட்டுக்கிடுங்க. வள்ளியூர் வரைக்கும் எப்படியும் வண்டி உருட்டிக்கிட்டுத்தான் போவும்.

எனக்கு ஒரே பிள்ளை. சுபிதான்னு பேரு. பிள்ளைன்னா அப்படி ஒரு பிள்ளை. ஸ்கூல் விட்டு வந்து செருப்பைக் கழத்தும்போதே சொல்லிருவா. 'பாமா வீட்டுக்குப் போயிட்டு வாரேம்ப்பா, அவங்க அம்மா இருந்தாங்க, அண்ணன் ஊர்ல இல்லை, நோட்டு வாங்கிட்டு நேரா வந்துட்டேன்.' நான் வாயையே திறந்திருக்க மாட்டேன். பேப்பர்தான் பாத்துக்கிட்டு இருப்பேன். எங்க எஸ்.ஐ. ஒருவாட்டி வீட்டுக்கு வந்திருந்தப்ப இதைக் கேட்டுட்டு, 'ஏட்டையா, நீங்க எனக்குக் குடுக்க ரிப்போர்ட்டை விட இது சுத்தமா இருக்கே'ன்னாவ. எனக்குப் பெருமைன்னா பெருமை. நானா சொல்லிக்குடுத்தேன்? இல்லை. சின்னதுல ரெண்டு தடவை, மூணு தடவை எங்க போனே, யாரு இருந்தான்னு கேட்டிருப்பேன். அதுக்குப் பொறவு கேக்க வேண்டிய தேவையே வரலை. அப்படி வளத்தேன் அண்ணாச்சி.

ப்ளஸ் டூ ரிசல்ட்டு வந்துச்சு. நல்ல மார்க்கு. ராத்திரி சாப்பிட உக்காந்தோம், தோசையைப் பிச்சுக்கிட்டே சொல்லுதா, 'அப்பா, நான் உளவியல் படிக்கேன்ப்பா'ன்னு.

உளவியல்!

நீங்களே யோசிச்சுப் பாருங்க. வாயைத் திறந்தா இங்கிலீஸ் கலக்காமப் பேசத் தெரியாத பிள்ளை. சோத்துக்கு ரைஸும்பா, மொட்டை மாடிக்கு டெரஸும்பா. அன்னைக்குன்னு பாத்து சுத்தத் தமிழ்ல உளவியல்ங்கா. சைக்காலஜின்னு சொல்லியிருந்தா எனக்கு அப்பமே தெரிஞ்சிருக்கும், சைக்கோ சமாச்சாரம்னு. உளவியல்னா நான் என்ன நினைப்பேன்? உளவுப் பிரிவுல வேலை பாக்கவன் காதுல உளவியல்னு விழுந்தா என்ன நினைப்பான்? மக நம்ம தொழிலுக்கே வாராடான்னு இன்னும் ரெண்டு தோசை போடச் சொன்னேன். கான்ஸ்டபிளாச் சேந்து ஏட்டாக் கெடந்து தேஞ்சுபோன என்னைய மாதிரி இல்லாம, படிச்சுப் பட்டம் வாங்கி, நேரா ஆபீசராப் போவான்னு நினைச்சேன். 'தாராளமாப் படி தாயி'ன்னேன்.

அவ திருத்தலை. அதைச் சொல்லுங்க. அந்த இடத்துல, 'அப்பா, நீங்க நினைக்கது இல்லை, இது வேற'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? தட்டைப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டா. என் வீட்டுக்காரி உலகம்மா, அவளும் அந்தப் பக்கம் திரும்பிச் சட்டினி எடுத்தா. சட்டினி என் முன்னாலதான் இருந்துச்சு அண்ணாச்சி. எனக்கு அப்பம் தோணலை.

மறுநாள் ஆபீசுக்கு அல்வா வாங்கிட்டுப் போனேன். 'மக உளவியல் படிக்கப் போறா, நம்ம லைனு'ன்னு எல்லாருக்கும் குடுத்தேன். ரைட்டர் ஒருத்தன் அல்வாவை வாயில போட்டுக்கிட்டுச் சிரிச்சான். வாழ்த்துதான்னு நினைச்சுக்கிட்டேன். வீட்டுல ரெண்டு பேரும் சேந்து எனக்குக் குடுத்த அல்வாவைத்தான் நான் ஊருக்குப் பங்கு வச்சிருக்கேன். சவத்த விடுங்க.

இனி காலேஜு. இதைத்தான் நீங்க முக்கியமாக் கேக்கணும். காலேஜ் எப்படிப் பாக்கிய நீங்க? நெட்டுல பாத்தியளா? அதுல என்ன இருக்கும்? மரம் இருக்கும், மரத்தடியில நாலு பிள்ளைங்க புஸ்தகத்தை விரிச்சு வச்சுச் சிரிக்கும். ஆபீஸ்ல போயிக் கேட்டா இருக்கதுலயே நல்லா இங்கிலீஸ் பேசுத ஆளை விட்டுப் பேசவிடுவான். எல்லாம் வெளிப்பூச்சு. ஒரு காலேஜோட லட்சணம் எங்க இருக்கும் தெரியுமா? எதிர்த்த டீக்கடையில. பாஸ்போர்ட்டுக்கு ஒருத்தனைப் பத்தி விசாரிக்கணும்னா நாங்க அவன் வீட்டுக்கா முதல்ல போறோம்? தெருமுனை டீக்கடைக்குத்தான் போவோம். ஒரு டீயைச் சொல்லிட்டு, சும்மா வெயிலைப் பத்தி, கரண்டைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தா, மாஸ்டர் அவன் சாதகத்தையே எடுத்து வச்சிருவான்.

சுபிதா மதுரையில ஒரு காலேஜச் சொன்னா. ஏன் அதுன்னு கேட்டதுக்கு, அங்க இந்தப் படிப்புக்குத் தனி லேப்பு இருக்குப்பா, ரெண்டாவது வருசத்துல ஆஸ்பத்திரிக்கு அனுப்புதாங்க, பாடம் எடுக்குத மேடங்களே வெளிய ஆளுங்களைப் பாத்துப் பேசி அனுப்புதவங்கன்னு என்னமோ அடுக்குனா. சரி, நான் விசாரிச்சுட்டு வாரேன்னேன். லீவு போட்டுட்டுப் போனேன் அண்ணாச்சி, சொந்தச் செலவுல. காலையில இருந்து எதிர்த்த டீக்கடையில நின்னேன். டீயாக் குடிச்சு வயிறு புண்ணாப் போச்சு. மாஸ்டர் நல்ல மனுசன், ஒண்ணு விடாமச் சொன்னான். மத்தியானம் கேட்டைத் திறந்து விட்டிருவாங்களாம், பிள்ளைங்க ஜூசு குடிக்க ரோட்டுக்கு வருமாம். அடுத்த தெருவுல பையங்க காலேஜு. வேப்பமரத்தடியில வரிசையா பைக்கு. காம்பவுண்டு சுவரு எனக்கு நெஞ்சளவுதான் இருக்கு, நானே ஏறிக் குதிச்சிருவேன்.

வீட்டுக்கு வந்து, அது சரிப்படாதுன்னேன். 'லேப்பைப் பாத்தியளாப்பா?'ன்னு கேக்கா. லேப்பை எதுக்கு நான் பாக்கணும்? சுவரு குட்டைன்னு சொல்லுதேன், இவ லேப்புங்கா.

ஊருக்குள்ளயே ஒரு பொம்பளைப்பிள்ளைங்க காலேஜ் இருக்கு. பேரு வேண்டாம். அங்கன சுவரைப் பாக்கணும் நீங்க. மேல கண்ணாடிச் சில்லு பதிச்சிருக்கு. வாட்ச்மேன் நம்ம டிபார்ட்மென்டுல இருந்து ரிட்டயர்டு ஆன ஆளு, எனக்கு ஒருகாலத்துல சீனியர். பிள்ளை அஞ்சு நிமிசம் பிந்தி வந்தா வீட்டுக்குப் போன் போட்டுருதாங்க. எதிர்த்த டீக்கடை மாஸ்டர் எனக்குப் பழக்கம். இதை விட என்ன வேணும்? உளவியல் டிபார்ட்மென்டு போன வருசம்தான் தொடங்கியிருக்காங்க, ஒரே ஒரு மேடம்தான், லேப்புக்கு ரூம் மட்டும் பாத்து வச்சிருக்காங்கன்னா சுபிதா. வந்துரும்லா, லேப்பு எங்க ஓடிறப் போவுது? 'இதுதான்'ன்னேன். 'சரிப்பா'ன்னா. நல்ல பிள்ளையா இருந்தா அப்படித்தான் சொல்லும்.

உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க, இப்பம் போற காலேஜப் பத்தி நான் விசாரிச்சுத் தாரேன். கோர்ட்டுல எப்படியும் மத்தியானம் வரைக்கும் சும்மாதான் நிக்கணும். வேண்டாமா? சரி. யோசிச்சுச் சொல்லுங்க.

அந்த காலேஜுல இண்டர்வியூன்னு கூப்பிட்டாங்க. ஜெசிந்தா மேடம்னு பேரு, அவங்கதான் டிபார்ட்மென்டுக்கே தலைவி, அவங்கதான் டிபார்ட்மென்டே. நானும் கூடவே உள்ள போனேன். மேடம் இவகிட்ட, 'எதுக்கும்மா இந்தப் படிப்பு எடுக்கே?'ன்னு கேட்டாங்க. இவ என் முகத்தைப் பாத்தா. பிள்ளைக்குக் கூச்சம்னு நானே சொன்னேன். 'மேடம், நான் உளவுப் பிரிவு. எங்க லைன்ல வரணும்னு அவளுக்கு ஆசை. ஆளுங்களைக் கவனிக்கதுல என் ரத்தம் அவளுக்கும் இருக்கு'ன்னு.

மேடம் பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. 'சார், உளவியல்னா உளவு இல்லை சார். உளம். உள்ளம், மனசு. சைக்காலஜி'ன்னாங்க.

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. ஆபீஸ் முழுக்க அல்வா குடுத்திருக்கேன். இருந்தாலும் விட்டுக்குடுக்கலை. 'எல்லாம் ஒண்ணுதானே மேடம், உள்ள இருக்கதைக் கண்டுபிடிக்கதுதானே'ன்னேன். அதுக்கு அந்தம்மா சொல்லுது, 'கண்டுபிடிக்கது இல்லை சார். அவங்களாச் சொல்லுத வரைக்கும் காத்திருக்கது'ன்னு. காத்திருக்கதுக்கு மூணு வருசப் படிப்பா அண்ணாச்சி? பஸ் ஸ்டாண்டுல போயி உக்காந்தா போதுமே.

பொறவு அந்தம்மா என்னைய வெளிய இருக்கச் சொல்லிட்டு. மரியாதையாத்தான் சொன்னாங்க, ஆனா சொல்லிட்டாங்க. நான் கதவு பக்கத்துலயே நின்னேன். என் காது உங்களுக்குத் தெரியாது, அடுத்த ரூம்ல பேப்பர் திருப்புனா எந்தப் பேப்பர்னு சொல்லுவேன். உள்ள இவ பேசுதா. என்கிட்ட ஒருநாளும் பேசாத குரல்ல, நின்னு நிதானமாப் பேசுதா. 'எங்க வீட்டுல எல்லாரும் எப்பமும் பதிலைத் தயாரா வச்சிருப்போம் மேடம். கேள்வி வாரதுக்கு முந்தியே. அம்மாவும் அப்படித்தான், கடைக்குப் போயிட்டு வந்தா பையை இறக்கதுக்கு முந்தி சொல்லிருவாங்க. எனக்குப் பதில் கையில இல்லாம நடந்து பாக்கணும் மேடம். அப்படி இருக்கவங்க எப்படி இருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது.'

இதுல எதாவது அர்த்தம் இருக்கா? நீங்களே சொல்லுங்க. பதில் இல்லாம இருக்கணுமாம். பரீட்சையில போயி அப்படி இருந்தா மார்க்குப் போடுவானா?  

வீட்டுக்கு வந்து ஆடித் தீத்துட்டேன். அடிக்கலை. நான் கை நீட்டுத ஆளு இல்லை, தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. கேள்விதான் கேட்டேன். யாரு சொல்லிக்குடுத்தா, எந்த டீச்சரு, எவ கூட்டாளி, எப்பம் இருந்து இந்த நினைப்புன்னு. எல்லாத்துக்கும் 'நானாத்தான்ப்பா'ன்னா. அதுக்குள்ள என் பெரியப்பா மவன் கேள்விப்பட்டு வந்துட்டான். 'ஏலே, பைத்தியம் பிடிச்ச கோட்டிக்காரங்களுக்கு வைத்தியம் பாக்க படிப்பாம்லா? நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் வந்து கேட்டா என்னத்தச் சொல்லுவே? கோட்டி பிடிச்சவங்களோடயே கெடந்தா பிள்ளைக்கும் கோட்டி பிடிச்சிரும்'னுட்டுப் போனான். ஒரு எழுத்து முன்ன பின்ன ஆனதுக்கு எங்க இருந்து எங்க வந்துட்டு பாத்தியளா. ஆபீசர் ஆகப் போற பிள்ளை கோட்டி ஆஸ்பத்திரிக்குப் போற பிள்ளையாயிட்டு.

மறுநாளே போயி அதே காலேஜுல பி.காம்னு மாத்திப் போட்டேன். அதே சுவரு, அதே வாட்ச்மேன், படிப்பு மட்டும் உருப்படியா. வந்து சொன்னேன். 'சரிப்பா'ன்னா சுபிதா. 'சரி'ன்னா உலகம்மா. ஒரு முகச்சுளிப்பு இல்லை, ஒரு கண்ணீர் இல்லை.

இந்த இடத்துலதான் அண்ணாச்சி நான் கோட்டை விட்டேன். சத்தம் போடுத கூட்டத்தால ஒரு ஆபத்தும் கிடையாது, திடீர்னு அமைதியாகுத கூட்டத்தைத்தான் மேல ரிப்போர்ட் போடணும்னு புதுசா வார பையங்களுக்குச் சொல்லிக்குடுக்கவன் நான். என் வீட்டுல ரெண்டு பேரும் கப்புனு அடங்கிட்டாங்க. நான் அதை அடக்கம்னு எழுதிக்கிட்டேன்.

ஆனித் தேரோட்டம் வந்துச்சு. நெல்லையப்பர் தேருன்னா எங்களுக்குத் தூக்கம் கெடையாது. ரத வீதியில அவ்வளவு சனத்துக்குள்ள நிப்பேன், முதுகைப் பாத்தே சொல்லுவேன், அன்னா போறான் பாரு, அவன் சாமி கும்பிட வரலை, செயின் அறுக்க வந்தவன்னு. நடையில தெரிஞ்சிரும். ஆள் மூஞ்சியை மாத்தலாம், மீசையை மாத்தலாம், நடையை மாத்த முடியாது. அந்த வருசமும் ரெண்டு பேரைப் பிடிச்சுக் குடுத்தேன். எங்க ஆபீசர் தோள்ல தட்டுனாவ. தேரு நிலைக்கு வந்த பொறவு, அப்படியே வேர்வையோட வீட்டுக்கு வந்தா, வீடு பூட்டிக் கெடக்கு.

எதிர்ல இஸ்திரி போடுதவன், மாடசாமி. என் ஆளு. அந்தத் தெருவுல யாரு வாரா, யாரு போறான்னு எனக்குச் சொல்லுதது அவன்தான். 'எங்கடே போயிருக்காங்க?'ன்னேன். பெட்டியை நிமித்தி வச்சுட்டு, 'மங்களூருக்குப் போயிருக்காவ ஏட்டையா. பாப்பா காலேஜ்ல சேரப் போவுதுல்லா'ன்னான். 'உனக்கு எப்பம் தெரியும்?' 'ஒரு வாரமாத் தெரியும். புதுச் சுடிதாரெல்லாம் இஸ்திரி போட்டு வாங்குனாவ.' 'ஏம்லே எங்கிட்டச் சொல்லலை?'ன்னேன். 'நீங்க கேக்கலையே ஏட்டையா'ன்னுட்டு அவன் பாட்டுக்கு அடுத்த சட்டையை எடுத்து விரிக்கான்.

பால்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு. முக்குக் கடை மாஸ்டருக்குத் தெரிஞ்சிருக்கு. நான் தினமும் நிக்க கடை அது. ஊர்ல எந்தக் கட்சிக்காரன் எங்க மறியல் பண்ணப் போறான்னு முந்துன நாளே எனக்குத் தெரிஞ்சிரும். என் பெண்டாட்டியும் பிள்ளையும் பொட்டி கட்டிக்கிட்டு என் தெரு வழியாவே நடந்து போயிருக்காங்க, ஒரு மூதியும் எனக்குச் சொல்லலை. அத்தனை பேரும் ஒண்ணு சேந்துட்டாங்க. நான் யாருக்கு என்ன கெடுதல் செஞ்சேன் அண்ணாச்சி?

உலகம்மா மட்டும் திரும்பி வந்தா. பிள்ளையை ஹாஸ்டல்ல விட்டுட்டு, ஃபீஸை அவ அண்ணனை வச்சுக் கட்டிட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி வந்து உலை வைக்கா. 'எங்க போனே?'ன்னு கத்துனேன். பதட்டமே இல்லை. அரிசியைக் களஞ்சுக்கிட்டே சொல்லுதா, 'கல்யாணம் ஆன நாள்ல இருந்து எங்க போனே, எங்க போனேன்னுதான் கேக்கிய. எங்கயாது போவணுமான்னு ஒருநாள் கேட்டியளா?'

பாருங்க பேச்சை. எல்லாம் டி.வி. சீரியல் பாத்துக் கத்துக்கிடுதது. அன்னைக்கே கேபிளைக் கட் பண்ணச் சொல்லிட்டேன்.

போன் போட்டேன் பிள்ளைக்கு. எடுத்தா. 'சாப்பிட்டாச்சுப்பா, ரூம்லதான் இருக்கேன், மூணு பேரு, எல்லாம் பொண்ணுங்க'ன்னா, நான் கேக்கதுக்கு முந்தியே. அதுல ஒண்ணும் குறை வைக்கலை. 'படிக்கணும்னா மெட்ராஸ்ல இல்லையா, கோயம்புத்தூர்ல இல்லையா, எதுக்கு மங்களூரு?'ன்னேன். சைக்காலஜிக்கு லேப்பு இருக்கு, பெரிய ஆஸ்பத்திரி கூடவே இருக்குன்னு மொதல்ல சொன்னா. 'அதெல்லாம் மெட்ராஸ்லயும் இருக்கு, உள்ளதைச் சொல்லு'ன்னேன். ரூம் கதவைச் சாத்துத சத்தம் கேட்டுச்சு. பொறவு சொன்னா, 'அங்கெல்லாம் டீக்கடையில தமிழ் பேசுவாங்கப்பா.'

இது ஒரு காரணமா? காலேஜ் தேர்ந்தெடுக்க இது ஒரு காரணமா, சொல்லுங்க. டீக்கடையில எவன் என்ன பாஷை பேசுனா இவளுக்கென்ன? இவ டீயே குடிக்க மாட்டா அண்ணாச்சி. சின்னதுல இருந்து பால்தான். நான் எத்தனையோ பேரை விசாரிச்சிருக்கேன், இப்படி ஒரு பதிலை நான் கேட்டதே கெடையாது. பிள்ளைக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு பயந்துட்டேன். பயம் இருக்கும்லா? பெத்தவனுக்கு இருக்கும்லா?

ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். பொறவு யாருகிட்டயும் சொல்லாம, உலகம்மாகிட்ட பந்தோபஸ்துன்னு சொல்லிட்டு, நாகர்கோயில் வந்து மங்களூர் வண்டி ஏறிட்டேன். போயி இறங்குனா மழைன்னா மழை, அப்படி ஒரு மழை. காலேஜ் ஒரு மேட்டுல இருக்கு. எதிர்ல டீக்கடை இருந்துச்சு. எந்த ஊரா இருந்தா என்ன, இருக்கும்னு எனக்குத் தெரியும். மனசுக்குத் தெம்பா இருந்துச்சு. ஒரு டீ சொன்னேன். சொன்னேன்னா, விரலைக் காட்டுனேன்.

அங்கன ஆரம்பிச்சுது சனியன். 'மழை ஜாஸ்தியோ'ன்னேன். மாஸ்டர் என்னமோ சொன்னான். கன்னடம் இல்லை, மலையாளம் இல்லை, துளுன்னு ஒரு பாஷையாம், பொறவு தெரிஞ்சுது. தேர்தல் டூட்டிக்கு வடக்க போனப்ப கத்துக்கிட்ட இந்தியை எடுத்து விட்டேன். அவன் சிரிச்சான். இங்கிலீஸ்ல, 'காலேஜ், குட்? கேர்ல்ஸ், ஹாஸ்டல், சேஃப்டி?'ன்னேன். சிரிப்பு நின்னுட்டு. கடையில இருந்த நாலு பேரும் என்னையத் திரும்பிப் பாத்தாங்க. யோசிச்சுப் பாருங்க, என் வயசுல ஒரு ஆளு, பொம்பளைப்பிள்ளைங்க காலேஜ் வாசலைப் பாத்துக்கிட்டு ஒரு டீயை வச்சுக்கிட்டே நிக்கான், கேர்ல்ஸ் ஹாஸ்டல்னு விசாரிக்கான். பேச்சு இல்லைன்னா நான் யாரு? அந்த நாலு பேரும் என்னையப் பாக்காங்க. நான் கண்ணாடி கிளாசைப் பாக்கேன், அவங்க என்னையப் பாக்காங்க. ஒருத்தன் மொபைலை எடுத்து என்னைய போட்டோ பிடிச்சான் அண்ணாச்சி. என்னைய!

அந்த நேரம் காலேஜ் விட்டுட்டு. பிள்ளைங்க வருது. மழை விட்டிருந்துச்சு. எல்லார் மேலயும் கண்ணை ஓட்டுனேன், அது தொழில் பழக்கம். அஞ்சு பிள்ளைங்க ஒரு கூட்டமா ரோட்டை அடைச்சுக்கிட்டு வந்துது. நடுவுல ஒருத்தி, முடியைக் கழுத்தளவுக்கு வெட்டியிருக்கா, ரெண்டு கையையும் வீசிக்கிட்டு, ரோட்டுல தேங்குன தண்ணியை வேணும்னே மிதிச்சுக்கிட்டு, தலையைப் பின்னால சாய்ச்சு அப்படி ஒரு சிரிப்பு. பஸ்ஸு ஹாரன் அடிக்கான், அவ பாட்டுக்குச் சிரிக்கா. எனக்கு ரெண்டு அடி முன்னாலதான் போனா. நான் நல்லாப் பாத்தேன். யாரு பெத்ததோ, கண்டிச்சு வளக்கலை, வீட்டுல கேக்க ஆளில்லை போலன்னு நினைச்சுக்கிட்டேன். நினைச்சுக்கிட்டு, எம்பிள்ளை வருதான்னு காலேஜ் வாசல் பக்கம் திரும்பிட்டேன்.

அதுக்குள்ள கடைக்காரன் போயி வாட்ச்மேனைக் கூட்டிக்கிட்டு வந்துட்டான். வாட்ச்மேன் கம்பைத் தட்டிக்கிட்டு, 'ஹூ ஆர் யூ?'ங்கான். என்கிட்ட ஐ.டி. கார்டு இருக்கு, காட்டலாம். ஆனா காட்டுனா ஆபீசுக்குப் போன் போகும். 'டாட்டர்'னேன். 'மை டாட்டர், ஸ்டடி'ன்னேன். போனை எடுத்து அவ போட்டோவைக் காட்டுனேன். பத்தாங்கிளாசுல எடுத்தது, ரெட்டைச் சடை போட்டு, நேராப் பாத்துக்கிட்டு நிக்கது. கடைக்காரன் அதை வாங்கி வச்சு, கிட்டக் கொண்டு போயி, தள்ளிப் பிடிச்சு, கொஞ்ச நேரம் பாத்தான். பாத்துட்டு, கையை நீட்டி ரோட்டைக் காட்டுனான். அந்தச் சிரிச்சுக்கிட்டுப் போன கூட்டத்தை. அந்தக் கை வீசுனவளை.

நான் இல்லைன்னு தலையை ஆட்டப் போனேன். அப்பம் அவ சும்மா எதுக்கோ பக்கவாட்டுல திரும்புனா.

தேர்க் கூட்டத்துல முதுகைப் பாத்து ஆளைச் சொல்லுதவன் நான். எம்பிள்ளை ரெண்டு அடியில நடந்து போறா, எனக்கு அந்த நடை தெரியலை. தெரியாது அண்ணாச்சி. அந்த நடையை நான் பாத்ததே இல்லை. என்னத்தச் சொல்லிக்குடுக்காங்களோ அந்த காலேஜுல, பிள்ளையவே மாத்திட்டாங்க.

கூப்பிட்டிருக்கலாம். தூரம் போயிறலை, ஒரு சத்தம் போட்டா கேட்டிருக்கும். வாயைத் திறந்துட்டேன். கூப்பிட்டா நின்னிருப்பா, அவ நிக்காமப் போற பிள்ளை இல்லை. என்னையப் பாத்த உடனே அந்தக் கை ரெண்டும் தானா இறங்கி ஒட்டிக்கிட்டிருக்கும். 'பஸ் ஸ்டாப் வரைக்கும்தான்ப்பா, அஞ்சு பேரு'ன்னிருப்பா. எனக்குத் தெரியாதா? நான் வளத்த பிள்ளைலா.

வாட்ச்மேன் அவளையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தான். கம்பால அவ பக்கம் காட்டி, 'யுவர் டாட்டர்?'னான். விசிலை வாயில வச்சுக்கிட்டு நிக்கான், நான் ஆமான்னா ஊதிருவான்.

நான் 'நோ'ன்னுட்டேன்.

அவன் மறுகேள்வி கேக்கலை. உடனே நம்பிட்டான்.